ஒரு மாதப் பழக்கம்

முன்பக்க ஹேண்டிலைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிய காலி பஸ்ஸை ராக்கன் நார்த்தாமலை சாலையில் ஓட்டினான். லைசென்ஸ் கொடுக்கும் இன்ஸ்பெக்டர் காக்கி உடுப்பில், கையில் தாள்களோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"காலையில வந்த மூணு பேரும் ஃபெயிலு. ஒருத்தன் குனிஞ்சு பாத்துக் கியர் போடுறான். ஒருத்தன் கை காட்டாமத் திரும்புறான். இன்னொருத்தன் மேட்டுல வண்டியப் பின்னால உருள விட்டுட்டான். ஒங்கிட்ட ஒரு தப்புகூட இல்லையே! எத்தன நாளா ஓட்டுறே?"

"ஒரு மாசமாத்தான் பழகுறேனுங்க. லைசென்ஸ் வந்தாத்தான் கம்பெனியில வேலைங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். எழுதுவதற்குள் பஸ் நின்றுவிட்டது. புளியமரத்தடியில் கூடையோடு நின்ற மூக்காயி கை காட்டியிருந்தாள். ராக்கனின் கால் தானாகவே பிரேக்கை மிதித்திருந்தது.

அவள் ஏறிக்கொண்டாள்.

"நல்ல வேளை, நீ வந்தே ராக்கா! மூணு வருஷமா இந்த மரத்தடியில நிப்பாட்டி ஏத்திக்கிட்டுப் போவே. ஒரு வாரமா எங்கிட்டுப் போனே? புது டிரைவரு கையக் காட்டுனாலும் நிக்க மாட்டேங்குறான்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

மூக்காயி அவருடைய காக்கிச் சட்டையையும் கையிலிருந்த தாள்களையும் பார்த்தாள்.

"என்ன கண்டக்டரே, பேனாவ மூடிட்டீங்க? நார்த்தாமலைக்கு ஒரு டிக்கெட்டு எழுதுங்க."