நாலு மணி அலாரம்

"அம்மா மருந்தே சாப்பிட மாட்டேங்குறாங்க தம்பி. எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரால வந்த வென" என்றார் ஜோனதன்.

தர்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஈப்போவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டுப் பத்து வருஷமாகிறது. மருந்து சாப்பிடாத பழி கம்ப்யூட்டர் மேல் விழுந்து அவன் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். லகாட்டில் இந்த வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்காக ஜோனதனே பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் தினமும் நாலு மணிக்கு மருந்து அலாரம் அடிக்க வேண்டும். ஆனால் அம்மா பகல் முழுக்கக் கீர்த்தனைகளை ஓட விடுகிறார். பாட்டு ஓடினால் அலாரம் ஊமையாகிவிடுகிறது.

"அந்த நேரத்துக்குப் பாட்ட நிறுத்திரலாமேண்ணே?"

"நிறுத்தினா அழறாங்க லா. ரொம்ப சுசா, கஷ்டமாத்தான் இருக்கு." ஜோனதன் குரலைத் தாழ்த்தினார். "அப்பா தவறி ரெண்டு வருஷமாச்சு. அவரு கூப்பிடுறாருன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. செவ்வாக்கெழம தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரில டாக்டர பாக்கணும். தங்கச்சி ட்ரேசிதான் வேணாங்கிறா."

அவர் போன் பேச வெளியே போனதும் அவருடைய அம்மா இசபெல்லாம்மா காப்பியோடு வந்தார். எழுபது வயதிருக்கும். கோப்பையை வைத்த கை நடுங்கவில்லை.

"பாட்ட மட்டும் நிறுத்திறாதீங்க தம்பி. பாட்டு ஓடுற வரைக்கும் அவரு வர்றதில்ல. மூணு வாரமா ஒரு சத்தம் இல்ல. கர்த்தர் காவல் இருக்காரு."

"யாரு ஆண்ட்டி?"

"எங்க வீட்டுக்காரரு, யேசுதாசன். வேல முடிஞ்சு வர்ற நேரத்துக்கு, நான் தனியா இருக்குறப்ப பாத்து, 'இசபெல்லா, கதவத் தொற'ம்பாரு. உசிரோட இருந்தப்ப எப்படிக் கூப்பிடுவாரோ அதே கொரலு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சிலிம் ரிவர்லேருந்து ட்ரேசி போன் பண்ணிச் சொல்லிட்டா. இனிமே கொரல் கேக்கலேன்னா நான் இங்கயே இருக்கலாமாம். கேட்டுச்சுன்னா ஆஸ்பத்திரிதான். மகன் இந்த வீட்ட வித்துருவான்."

தர்மாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பேச்சை மாற்ற, "மருந்த மறக்காம சாப்பிடுங்க ஆண்ட்டி" என்றான்.

"என்னா மருந்து? காலைல ஒரே ஒரு பிரஷர் மாத்திர. அத நான் ஒரு நாளும் விட்டதில்லியே."

பாவம், மருந்துகூட நினைவில்லை என்று தர்மா நினைத்துக்கொண்டான். மகன் சொன்னது சரிதான் என்றும் நினைத்துக்கொண்டான்.

கோளாறு லேசில் பிடிபட்டது. கம்ப்யூட்டரில் எல்லா அப்ளிகேஷன்களின் சத்தத்தையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்ப ஓர் ஏற்பாடு உண்டு. கீர்த்தனை அப்ளிகேஷன் அதைத் தாண்டிப் போய், சவுண்டு கார்டை நேராகத் தன் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தது. கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்தவர் விட மாட்டார் அல்லவா, அதே கதைதான். மற்றவர்கள் வாயசைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

செட்டிங்கில் ஒரு வரியை மாற்றினான். பாட்டு பொதுவழிக்கு வந்து சேர்ந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டு ஓடும்போதே ஒரு சோதனைச் சத்தத்தைப் போட்டுப் பார்த்தான். திடீரென்று வேறு சத்தம் கேட்டு அந்த அம்மா பயந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இரண்டும் தெளிவாகக் கேட்டன.

அலாரத்துக்கென்று ஜோனதன் வைத்திருந்த ஆடியோ ஃபைலை அவன் திறந்து பார்க்கவில்லை. வீட்டுக்காரர்களின் ஃபைலில் கை வைப்பதில்லை என்பது அவன் தொழில் சுத்தம். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"நாலு மணி வரைக்கும் இருந்து அலாரத்தையும் கேட்டுட்டுப் போயிடுறேண்ணே."

"வேணாம்லா, அம்மா கொஞ்சம் படுக்கட்டும். வாங்க, கடைல தே குடிக்கலாம். அடிச்சா எனக்குத் தெரிஞ்சிரும்."

புறப்படும்போது இசபெல்லாம்மா வாசல்வரை வந்தார். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருப்பதைக் காது கொடுத்துக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லா இருப்பீங்க தம்பி."

முச்சந்தி ஒட்டுக்கடையில் தே தாரிக் வந்தது. தர்மாவுக்குக் கண்ணெல்லாம் சுவர்க் கடிகாரத்தின் மேல்தான். செய்த வேலை சரியாக ஓடுகிறதா என்று தெரியாமல் அவனுக்குத் தேநீர் இறங்காது. நாலு மணி ஆனது. நாலு மணி இரண்டு நிமிஷத்துக்கு ஜோனதனின் போன் அலறியது.

"ஜோனதன்!" அந்த அம்மா கதறியது மேசைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. "பாட்டு ஓடிக்கிட்டுத்தாண்டா இருக்கு. இருந்தும் அப்பா வந்துட்டாரு. கதவத் தொற, கதவத் தொறங்கிறாரு. சத்தமா வச்சுப் பாத்தேன், போக மாட்டேங்குறாரு. ட்ரேசிகிட்ட சொல்லிரு. என்னைய ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிருடா."

"அழாதீங்கம்மா. செவ்வாக்கெழம போயிரலாம்." ஜோனதன் போனை மேசைமேல் குப்புற வைத்தார். தே தாரிக்கை நிதானமாக ஓர் ஆற்று ஆற்றிக் குடித்தார்.

கர்த்தரின் காவலும் மூன்று வாரம்தான் போலிருக்கிறது என்று தர்மா நினைத்தான். ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. அந்த அம்மா அலாரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே?

"அண்ணே, நாலு மணி தாண்டிருச்சு. அலாரம் அடிச்சிச்சான்னு கேக்காம வச்சிட்டீங்களே?"

ஜோனதன் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அதான் அடிச்சிருச்சுலா, தம்பி."