கர்ப்பிணிகளின் அறை

கருவுற்ற புதிதில் அந்நிய ஆணின் வாசம் பட்டால் சுண்டெலிக்குக் கரு தங்காமல் போகலாம். அதனால் ஆய்வுக்கூடத்தில் கர்ப்பிணி எலிகளின் அறைக்குக் குளித்துவிட்டுத்தான் போவேன். வாசம் எலியின் மூளையைச் சீண்டினால், அதன் கூண்டோடு இணைத்த திரையில் கோடு துள்ளும். என் வாசம் அவற்றுக்குப் பழகியது. கோடு அசைந்ததே இல்லை.

இன்று நான் நுழைந்ததும் எல்லாத் திரைகளிலும் கோடு எகிறியது.

"ஆம்பளை எலியோட படுத்துட்டு வந்தியாய்யா?" என்றார் மேற்பார்வையாளர்.

ஆண் எலிகள் பக்கமே நான் போகவில்லை. மறுபடி குளித்து, வேறு சட்டை போட்டு வந்தேன். கோடு இன்னும் எகிறியது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மனைவி கதவைத் திறந்தாள். அவளுக்கு இரண்டாம் மாதம்; முன்பு ஒன்று கலைந்திருக்கிறது.

"என்னங்க, சீக்கிரமே..." என்றவள் மூக்கைச் சுளித்தாள். "கிட்ட வராதீங்க. இது உங்க வாசம் இல்ல."

வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவர்வரை பின்வாங்கினாள்.