கதவைச் சாத்திக்கொண்டு ஊதுபவர்

"உங்க வீட்டுக்காரர் இன்னும் நிறுத்தலையாக்கா?"

காய்கறிக் கடையில் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள் கண்டக்டர் மனைவி.

டிரைவர் மனைவிக்குச் சுருக்கென்றது. "என்னம்மா கேட்கறே? விட்டுப் பதினோரு மாசம் ஆச்சே!"

"அப்படியா? பின்னே ஏன் அவரை மட்டும் தினமும் தனியா ரூமுக்குள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு ஊதச் சொல்றாராம் டைம்கீப்பர்? டிப்போவே சிரிக்குதாம். எங்க வீட்டுக்காரரும் குடிக்கிறவர்தான். லீவு நாள்ல ரெண்டே ரெண்டு. அளவோட இருந்தா ஒரு வம்பும் இல்லை. அடியோட விட்டேன்னு சொல்றவங்களைத்தான் நம்ப முடியலை."

வாங்க வந்ததை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் டிரைவர் மனைவி.

பஸ் டிப்போவில் காலையில் வண்டி எடுக்கும் முன், டிரைவர்கள் வரிசையாக நின்று டைம்கீப்பர் நீட்டும் குடிச் சோதனை மெஷினில் ஊத வேண்டும். சீரோ வந்தால் கையில் சாவி. வராவிட்டால் வீட்டுக்கு வழி. அது எல்லாருக்கும் உள்ள சட்டம். இது என்ன தனிச் சட்டம்?

கணவரிடம் கேட்டாள். அவர் மறுக்கவில்லை.

"ஆமா, கூப்பிடறார். போறேன். அஞ்சு நிமிஷ வேலை. விடேன்."

"நாலு பேர் சிரிக்கறாங்களாம். உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"

"ரோஷம் இருந்தப்போதான்மா குடிச்சேன்" என்று சிரித்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை. முன்பெல்லாம் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், நேராகப் பாட்டிலைத் தேடிப் போகிற மனிதர். இந்த அவமானத்தை இன்னும் எத்தனை நாள் தாங்குவார்? கைக்கு எட்டின வாழ்வு மறுபடி கை நழுவிப் போனால்?

'ஆண்டவா, அவரை இன்னும் சோதிக்காதே. அந்த டைம்கீப்பருக்கு நல்ல புத்தியைக் கொடு' என்று வேண்டிக்கொண்டாள்.

ஆண்டவன் கொடுக்கும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. மறுநாள் காலை அவளே டிப்போவுக்குக் கிளம்பிவிட்டாள்.

வரிசை கலைந்திருந்தது. வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. கண்டக்டர் ஓடி வந்தார்.

"அண்ணி! நீங்க எங்கே இங்கே? அண்ணன் வழக்கம்போல உள்ளேதான் இருக்கார், பூஜை நடக்குது" என்று கண்ணைச் சிமிட்டினார்.

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் விடுவிடுவென்று நடந்து, தட்டாமல் கொள்ளாமல் கதவைத் தள்ளினாள்.

"என்ன சார் நினைச்சுக்கிட்டு..."

உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவள் கணவர். குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தவர் டைம்கீப்பர்.

"சீரோ சார்" என்றார் கணவர். அப்புறம்தான் அவளைப் பார்த்தார். பதறிப்போய்க் கதவைச் சாத்தினார்.

டைம்கீப்பர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பார்த்துட்டீங்க. இனிமே மறைக்க என்ன இருக்கு? உங்க வீட்டுக்காரர் குடியை விட்டப்போ, 'எதுக்குய்யா அடியோட விடறே, என்னை மாதிரி அளவா இரு'ன்னு கிண்டல் பண்ணினவன் நான். என் அளவு எனக்கே தெரியாம வளர்ந்துடுச்சும்மா. ஒரு நாள் எல்லாரும் போனப்புறம் நானே ஊதிப் பார்த்தேன். எந்த நம்பருக்கு நான் டிரைவரைத் திருப்பி அனுப்புவேனோ, அதைவிட ஜாஸ்தி."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரையும் ஊதச் சொல்ற என்னை ஊதச் சொல்ல இங்கே ஆள் இல்லை. இவர்கிட்டதான் கேட்டேன், தினமும் என்னை ஊத வைய்யான்னு. காலையில இவர் முகத்துல முழிக்கணுமேங்கற நினைப்புதான் ராத்திரி என் கையைப் பிடிச்சு நிறுத்துது. இன்னியோட நாற்பத்தி மூணு நாள். என் பொண்ணு இப்பல்லாம் என் பக்கத்துல வந்து உட்கார்றா. அதுக்கு இவருக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்?"

"அதுக்காக இவர் தலை குனியணுமா சார்?" என்று கேட்டாள் அவள்.

"உண்மையைச் சொல்லிடறேன்னு எத்தனையோ தடவை சொன்னேன். இவர்தான் விடமாட்டேங்கறார்."

கணவர் மெஷினைத் துடைத்து வைத்தார். "எனக்குக் குடிகாரன்னு ஏற்கெனவே பேர் இருக்கு சார். இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கு அதைப் புதுசா எதுக்கு வாங்கித் தரணும்?"

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

'ஆண்டவா, இவர் குடியை விட்டா போதும்னுதான் கேட்டேன். நான் கேட்காததையும் சேர்த்தே நீ கொடுத்திருக்கே!' கண்ணைத் துடைத்துக்கொண்டு, டைம்கீப்பரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கண்டக்டரும் மற்றவர்களும் வாசலிலேயே காத்திருந்தார்கள்.

"என்ன அண்ணி, நல்லா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டீங்களா?"

"கேட்கத்தான் தம்பி வந்தேன். இனிமேலும் விட்டுடாதீங்க, தினமும் தனியா கூப்பிட்டே சோதனை பண்ணுங்கன்னு கெஞ்சிட்டு வர்றேன். எங்க வீட்டுக்காரரை நம்ப முடியாதுல்ல!" என்றாள் அவள்.