போதும்க்கா

தங்கச்சி என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

"அக்காடி!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

ஓட்டப் பந்தயம் முடியும் இடத்தில் போட்டிருந்த மருத்துவக் கூடாரம் அது. எல்லைக் கோட்டைத் தாண்டியவள் நாலு எட்டு வைப்பதற்குள் சரிந்துவிட்டாள். கட்டிலில் கிடத்தியதும் வாந்தி எடுத்தாள். வந்ததெல்லாம் வெறும் தண்ணீர்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

"பார்த்துக்கிட்டே நிக்கிறீங்களே! புள்ளைக்குத் தண்ணி குடுங்க, பெரிய பாட்டிலா ஏத்துங்க!" என்று கத்தினேன்.

எனக்கா தெரியாது? நான் சலவை ஆலையில் இஸ்திரிப் பிரிவில் இருப்பவள். நாள் முழுக்க நீராவியும் அனலும்தான். போன கோடையில் பக்கத்து மேசைக்காரி சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தபடியே விழுந்தாள். உடம்பில் நீர் வற்றி ரத்தம் கெட்டியாகிவிட்டது, இதயம் தாங்கவில்லை என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் மணி அடித்தால், தாகம் இருக்கிறதோ இல்லையோ, எல்லாரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சொம்பு குடித்தே ஆக வேண்டும். குடிக்காதவளை நான் விடமாட்டேன். எனக்குத் 'தண்ணி லாரி' என்றே பட்டப்பெயர்.

அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை இவள். இவளையும் அப்படிப் போக விடுவேனா?

செவிலி அவள் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். அசையவில்லை. காலையில் அது தொளதொளவென்று கிடந்தது. எங்கேயாவது விழுந்து தொலையப் போகிறது என்று நான்தான் திட்டியிருந்தேன். இப்போது சதைக்குள் பதிந்திருந்தது. விரலெல்லாம் உப்பியிருந்தது.

நீர் வற்றினால் விரல் வீங்குமா? அதையெல்லாம் யோசிக்கிற நிலையிலா இருந்தேன்? கடவுளே, கடவுளே என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை.

டாக்டரம்மா அவள் ரத்தத்தில் ஒரு துளியைச் சின்னக் கருவியில் விட்டுப் பார்த்தார். முகம் மாறியது. மடமடவென்று ஒரு பையை எடுத்து மாட்டினார். இத்துனூண்டுப் பை. வாளி வாளியாக ஏற்ற வேண்டிய நேரத்தில் இதுவா? "ரத்தம் கெட்டியாகிடும்!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ரத்தம் கெட்டியாகலம்மா. நீர்த்துப் போயிருக்கு. உப்பு அடியோட இறங்கி, மூளை வீங்க ஆரம்பிச்சிருக்கு. இந்தப் பையில இருக்கறது உப்பு. இப்போ இவளுக்கு ஒரு வாய் தண்ணி கூட விஷம். வழியில யாரு இவ்வளவு குடுத்தது?"

ஒவ்வொரு திருப்பத்திலும் நான்தான் நின்றிருந்தேன். குறுக்குச் சந்துகளில் ஸ்கூட்டரை விரட்டி, அவளுக்கு முன்னால் போய், பாட்டிலோடு. கடைசித் திருப்பத்தில், "வயிறு களக் களக்குன்னு ஆடுது, போதும்க்கா" என்றாள். "பேசாமக் குடிடி" என்று அதட்டினேன். குடித்தாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. நான் அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரியை வெயில் கொன்றது. இவளை நான் கொன்றுவிட்டேனோ?

வெகு நேரம் கழித்துக் கண் திறந்தாள். என் முகத்தையே பார்த்தாள். இந்தத் தடவை அடையாளம் தெரிந்துவிட்டது.

தலையை லேசாகத் தூக்கி, திருப்பத்துக்குத் திருப்பம் பாட்டிலுக்குத் திறந்ததுபோலவே, எனக்காக வாயைத் திறந்தாள்.