பெயர் மாற்றப்பட்டுள்ளது

“ஏனுங்க அம்மணி, அடுத்த செய்தியில எம்பட பையன் பேரையே போட்டுருங்க.”

பத்திரிகை அலுவலகத்தில் அன்புக்கரசி நாளிதழை விரித்துக் காட்டினாள். அரசுக் காப்பகத்தில் பையன்களை அடிப்பது பற்றி நிருபர் ஹர்ஷிணி எழுதிய செய்தி அது. அங்கே இருந்த அவள் மகன் பிரான்சிஸ் சொன்னதெல்லாம் ‘அருண்’ சொன்னதாக வந்திருந்தது.

“நீங்கதானுங்க அக்கா மாத்தச் சொன்னீங்க? பேரு தெரிஞ்சா மறுபடி அடிப்பாங்கன்னு அழுதீங்களே.”

“ஆமாங்க.”

“கொஞ்ச நாள் பொறுங்க. அவன் வெளிய வரட்டும், போடலாம்.”

“வந்துட்டானுங்க.”

ஹர்ஷிணியின் முகம் மலர்ந்தது. அன்புக்கரசி நாளிதழை மெல்ல மடித்தாள்.

“பேரை மாத்தியும், சொன்னது அவன்தான்னு கண்டுபுடிச்சுப்போட்டாங்க. இனி யாருக்குப் பயந்து மறைக்கோணும்? போத்தனூர் கல்லறைத் தோட்டத்துல, சிலுவை மேலயே அவன் பேரை எழுதிப்போட்டோமுங்க.”