கங்கம்மாவின் சிவப்புக் கொடி

“யாரும்மா நீ? யாரைக் கேட்டு லாரியை நிறுத்துற?”

ஜீப்பை விட்டு இறங்கும்போதே சப்-இன்ஸ்பெக்டர் அன்புசெல்வன் கத்தினார். கும்மிடிப்பூண்டிக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்தக் கூட்டுச்சாலையைப் பற்றித்தான் எத்தனை புகார்கள்!

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வாலாட்டாமல் வரிசையாக நின்றன. அவற்றை நிறுத்தியது குச்சியில் கட்டிய ஒரு சிவப்புத் துணி. பிடித்திருந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் அவசர அவசரமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

“ஷிப்ட் உட்ற நேரம் மட்டும் சார். இவங்கல்லாம் ரோட்ட தாண்டிட்டா நான் ஓரமா பூடுவேன்.”

“உன்னால பின்னாடி எவ்வளவு தூரத்துக்கு வண்டி நிக்குது தெரியுமா? நாளைக்கும் இங்கே பார்த்தேன், தூக்கி உள்ளே வெச்சுடுவேன்.”

“வெய்யுங்க சார். எப்ப வெளிய உட்டாலும் இங்கதான் வந்து நிப்பேன்.”

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. கான்ஸ்டபிள் இம்மானுவேல் பக்கத்தில் வந்து, “சார், இந்த கங்கம்மா வந்து...” என்று இழுத்தார்.

“நீ சும்மா இருய்யா.”

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நடுத்தடுப்புக் கம்பத்தில் ஒரு பெண்ணின் படம். கம்பெனி யூனிஃபார்மில், கழுத்தில் அடையாள அட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே காய்ந்துபோன சாமந்தி மாலை. கங்கம்மா முந்தானையால் படத்தின் தூசியைத் துடைத்தாள்.

அன்புசெல்வனின் கோபம் போன இடம் தெரியவில்லை.

“பேரு என்னம்மா?”

“பூமிகா சார். இருபது வயசு. பஸ்ஸ உட்டு எறங்கி நாலடி வெக்கல. மழை பேஞ்சிக்கினு இருந்திச்சு. லாரி வந்தது அதுக்கும் தெரியல, அது எறங்குனது அவனுக்கும் தெரியல. இங்க ஒரு சிக்னல் இருந்திருந்தா...”

“வேற பிள்ளைங்க?”

“ஒரே பையன் சார். இப்ப ஊட்ல இல்ல.”

அவருக்கும் ஊரில் பூமிகா வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். ஜீப்பிலிருந்து போலீஸ் விசிலையும், இருட்டில் மின்னும் பச்சை ஜாக்கெட்டையும் எடுத்து வந்து நீட்டினார்.

“போட்டுக்குங்கம்மா. சிக்னல் வர்ற வரைக்கும் நீங்கதான் சிக்னல். புகார் சொல்றவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

“இதெல்லாம் எனக்கு வாணாம் சார். நிக்க உட்டா போதும்.” சொல்லிவிட்டு அழுதாள்.

“சார், ஒரு விஷயம்...” இம்மானுவேல் மறுபடி ஆரம்பித்தார்.

“எல்லாம் எனக்குப் புரியுதுய்யா.”

அடுத்த பஸ் வந்தது. கங்கம்மா கொடியைத் தூக்கினாள். லாரிகள் நின்றன. பெண்கள் தலையைக் குனிந்தபடி கடந்து போனார்கள். ஒருத்தியாவது அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமே! என்ன ஜனங்களோ என்று அன்புசெல்வனுக்கு வெறுத்துப் போனது.

டிபன் பையோடு நடுத்தர வயதுக்காரி ஒருத்தி மட்டும் சாலையோரத்திலேயே நின்றுவிட்டாள். கங்கம்மா கொடியை இறக்காமல் அவளையே பார்த்தாள். அந்தப் பெண்ணோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன. வேறு வழியில்லாமல் கொடி கீழே இறங்கியது. லாரிகள் சீறிக்கொண்டு கிளம்பின.

அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி, அவள் சாலையில் இறங்கினாள்.

“ஐயோ, எறங்காத!”

கங்கம்மா கொடியோடு லாரிக்குக் குறுக்கே பாய்ந்தாள். டயர்கள் கிறீச்சிட்டு, ஒரு சாண் தூரத்தில் வண்டி நின்றது. அன்புசெல்வன் ஓடிப்போய் அந்தப் பெண்ணை நடுத்தடுப்புக்கு இழுத்தார்.

“அறிவிருக்கா உனக்கு? அவ்வளவு நேரம் கொடியைத் தூக்கிக்கிட்டு நின்னாங்களே, அப்போ நடந்தா என்ன? பெத்த பொண்ணை இதே இடத்துல பறிகொடுத்துட்டு, உங்க உசுருக்காக நிக்கறாங்க. அவங்க முகத்தை ஏறெடுத்துப் பார்த்தா குறைஞ்சா போயிடுவே?”

அவள் கையை உதறி விடுவித்துக்கொண்டாள். பையிலிருந்து புது சாமந்திச் சரத்தை எடுத்து, படத்தில் இருந்த காய்ந்த மாலையைக் கழற்றினாள்.

“பொண்ண பறிகுடுத்தது நான் சார்” என்றாள் திரும்பாமலே. “அந்த லாரிய ஓட்னவன்தான் அவ புள்ள.”