தீவனத்துக்குத் தகுதியானது

"மறுபடியும் நீங்களா?"

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவரைப் பார்த்ததுமே பூஞ்சை மேடத்துக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது.

தானியத்திலும் தீவனத்திலும் பூஞ்சை பிடித்தால் அதில் ஊறும் விஷம் எவ்வளவு, அது உடம்பை என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அந்த ஆய்வகத்தில் அவள் வேலை. பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. வந்தவர் தானியக் கிடங்கில் மூட்டை தூக்குபவர். போன வாரம் ஒரு பை மக்காச்சோளத்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆள் விட்டபாடில்லை.

"ரிசல்ட் வந்துடுச்சுன்னு வெளியில சொன்னாங்க, மேடம்."

"வந்துடுச்சு. மனுஷங்க சாப்பிட ஆகாதுன்னு கிடங்குல கழிச்சுப் போட்டதுதானே இது? கழிச்சது சரிதான். ஆனா தீவனத்துக்கு அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு. தாராளமா போடலாம். போயிட்டு வாங்க."

அவர் நகரவில்லை.

"குட்டிங்களும் தின்னலாமா, மேடம்?"

"தின்னலாம். கொஞ்சம் பார்த்துப் போடுங்க, அவ்வளவுதான்."

"சின்னது பதிமூணு கிலோகூட இருக்காது. காய்ச்சல் வந்து இளைச்சுப் போச்சு."

தொலைபேசி அலறியது. இயக்குநர்தான். ஜனங்கள் அன்றாடம் சாப்பிடும் தானியத்தில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்ற அறிக்கை இன்று மதியத்துக்குள் வேண்டுமாம். "இதோ முடிச்சிடுறேன், சார்" என்று இல்லாத தைரியத்தை வரவழைத்துச் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"கழுவிக் கொடுத்தா விஷம் போயிடுமா, மேடம்?"

"போகாது."

"வறுத்தா?"

"அதுக்கும் முழுசா போகாது."

"மாவாக்கி, நல்லா வேகவச்சா?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏங்க, ஆட்டுக்கு யாராவது அடுப்பு பத்தவச்சு சமைச்சுப் போடுவாங்களா? உங்க வீட்டுக் குட்டிங்க என்ன, மாப்பிள்ளை விருந்துக்கா வந்திருக்கு?"

பக்கத்து மேசையில் இருந்த உதவியாளர் சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்துகொண்டார். மூட்டைக்காரர் சிரிக்கவில்லை. கையிலிருந்த காலிப் பையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"தினமும் இதையேதான் தின்னுது, மேடம். அப்படித் தொடர்ந்து தின்னா என்ன ஆகும்?"

"எதுவா இருந்தாலும் அளவுக்கு மீறினா ஈரல் கெடும், வளர்த்தி நின்னுபோகும். நடுவுல வேற எதையாவது மாத்திக் கொடுங்க."

"வேற எதுவும் இல்லியே."

"அப்ப வெளியில அவுத்துவிடுங்க! நாலு இடத்துல மேய்ஞ்சுட்டு வந்தா தானா தேறிடும். இதுக்குப் போய் என் உயிரை வாங்குறீங்களே!"

இனியாவது கிளம்புவார் என்று பார்த்தாள். ம்ஹும். நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். ஊர் உலகத்துக்கே சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கும் அறிக்கை பாதியில் நிற்கிறது; இந்த மனுஷன் ரெண்டு குட்டியை வைத்துக்கொண்டு தன்னைப் பாடாய்ப் படுத்துகிறாரே என்று அவளுக்கு அழுகையே வரும்போல் இருந்தது. அறிக்கையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டு, அவர் இல்லாதது போலவே எழுத ஆரம்பித்தாள்.

"பெருசுக்கு இப்பல்லாம் அடிக்கடி வயித்துவலி வேற, மேடம்."

பேனாவைத் தொப்பென்று போட்டாள்.

"வயித்துவலியா? அதுவே உங்ககிட்ட வந்து வாயைத் திறந்து சொல்லுச்சாக்கும்?"

"ஆமா மேடம்" என்றார் அவர், பையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லாப் பேசும். ரெண்டாங்கிளாஸ் படிக்குது."